வெறும் சட்டிகளை உள்ளே விட்ட ஞாயிறு

ஃபெயார்ஃபீல்ட் ஸ்ரேசனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காவலாளிச் சட்டையைக் கழற்றி, முதுகில் இருந்த எழுத்து தெரியாதபடி உட்புறத்தை வெளியே திருப்பிக் கக்கத்தில் வைத்திருந்தேன். அதன் கையில் ஒரு பெரியவரின் இரத்தம் காய்ந்து கிடந்தது. அது காடுகள் எரிந்த கோடை. நீல மலைப் பக்கமிருந்து வந்த புகை சிட்னியின் மேற்கை மூடியிருந்தது. பட்டப் பகலில் சூரியனை வெறுங்கண்ணால் நேராகப் பார்க்க முடிந்தது. வீதியில் ஆட்கள் இல்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று எனக்குச் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

வேலை போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பலில் துரு சுரண்டியிருக்கிறேன். மில்டூராவில் திராட்சை வெட்டினேன், மெல்பேர்ணில் இறைச்சிக் குளிர் அறையில் நின்றேன், சிட்னியில் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எங்கேயும் அதிக காலம் இருந்ததில்லை. சில இடங்களை நானாக விட்டேன், சில இடங்கள் என்னை விட்டன. ஆனால் செக்கியூரிட்டி வேலையில்தான் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலாக நின்றேன். இப்போது ஓய்வுக்கு வந்துவிட்டேன். நீங்கள் புதிதாக லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் மாணவர் விசாவில் இருப்பவர்கள், மீதிப் பேர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். அடையாள அட்டை பார்ப்பது, பையைத் திறக்கச் சொல்வது, கமராவைக் கவனிப்பது எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். கதவில் நிற்கும்போது மூளை என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த ஒரு நாளை எழுதுகிறேன்.

எங்கள் பொறுப்பாளர் ஒரு தொங்கா நாட்டுப் பெண். என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். பெயர் வேண்டாம், இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருக்கிறார். நான் சேர்ந்த முதல் வாரமே என்னைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "வருகிற ஒவ்வொரு ஆளிடமும் இரண்டு விஷயத்தைப் பார். இவர் ஏன் உள்ளே வருகிறார்? இவர் எந்த வழியால் வெளியே போவார்? முதலாவதை எல்லோரும் பார்ப்பார்கள். சண்டை வரும்போது ஆளைக் காப்பாற்றுவது இரண்டாவது."

அன்று நான் முதலாவதிலேயே பிழை விட்டேன்.

ஃபெயார்ஃபீல்ட் பக்கத்தில் சிலி நாட்டவர்கள் பல காலமாக இருக்கிறார்கள். கோழித் தொழிற்சாலையில் என் வரிசையில் பாதிப் பேர் அவர்கள்தான். என்னிடம் உள்ள உடைந்த ஸ்பானிஷ் அங்கே பொறுக்கியது. அவர்களில் இரண்டு வகை உண்டு. ஐம்பது வருடங்களுக்கு முன் அங்கே இடதுசாரி அரசு வந்தபோது அதற்குப் பயந்து வெளிக்கிட்டவர்கள் ஒரு வகை. அந்த அரசை ராணுவம் கவிழ்த்தபோது ராணுவத்துக்குப் பயந்து வெளிக்கிட்டவர்கள் மற்றது. இரண்டு பேரும் ஒரே பேக்கரியில் பாண் வாங்குவார்கள், ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருப்பார்கள், தலைவர் தேர்தல் வந்தால் முகம் பார்க்க மாட்டார்கள். எங்கள் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

முந்தைய ஒக்டோபரில் அந்த நாடு தீப்பற்றியது. தலைநகரில் மெற்றோ ரயில் கட்டணத்தைக் கூட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டணக் கதவைத் தாண்டிக் குதித்தார்கள். அதில் தொடங்கி, ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, தண்ணீர் என்று முப்பது வருடக் கோபம் வெளியே வந்தது. ஊரடங்கு போட்டார்கள், ராணுவத்தை வீதிக்கு இறக்கினார்கள். பொலிஸ் சுட்ட சன்னங்கள் பட்டுப் பல இளைஞர்களுக்குக் கண் போனது. பிறகு கட்சிகள் கூடிப் பேசி, அரசியல் யாப்பை மாற்றுவதா என்று மக்களிடமே வாக்குக் கேட்பதாக ஒப்புக்கொண்டன. அந்த வாக்கெடுப்பு அடுத்த ஒக்டோபரில்தான் நடந்தது. நான் சொல்லும் ஞாயிறு இரண்டுக்கும் நடுவில், ஜனவரியில் வந்தது. என்ன முடிவு வரும் என்று யாருக்கும் தெரியாத காலம்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அன்று. ஊரில் நடப்பதைப் பற்றிச் சங்கம் ஓர் அறிக்கை விடுவதா வேண்டாமா என்பதே விஷயம். முந்தைய கூட்டத்தில் கதிரைகள் பறந்திருந்தன. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். தலைவர் டொன் எர்னான், எண்பதை நெருங்கியவர், முதல் வகைக்காரர். 'டொன்' என்பது அவர்கள் மரியாதைக்குச் சொல்வது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, கைத்தடி. அவர் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: உறுப்பினர் மட்டும் உள்ளே. மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை விடக்கூடாது. யாராவது கை நீட்டினால் உடனே பொலிஸ்.

முன் கதவில் செந்தில் நின்றான். மெல்பேர்ணின் பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி, விற்று, விவாகரத்தாகி, சிட்னிக்கு வந்த மதுரைக்காரன். நாற்பது வயது. எதையும் பகிடியாக்காமல் அவனுக்கு இருக்க முடியாது. பொறுப்பாளர் பிளாக்டவுனில் வேறொரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு, எங்கள் காதில் மாட்டிய வோக்கி-டோக்கிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் இருந்தார். பின் பக்கம், குசினிக் கதவு, என் பொறுப்பு.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னர் ஒரு வெள்ளை வான் பின்னால் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். எல்லோருக்கும் அறுபதைச் சுற்றி வயது, புகைக்காக முகமூடி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்டுத் துணியால் கட்டிய சட்டி. கடைசியாக ஓர் இளைஞன், கறுப்புக் கண்ணாடி போட்டவன், எங்கள் கோயில் அன்னதானத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை அவன் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த லாவகத்தைப் பார்த்து, பெடியன் நல்ல பலசாலி என்று நினைத்தேன்.

அவர்கள் பேசியது ஸ்பானிஷ். எனக்கு விளங்கிய அளவில் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"மத்தியானச் சாப்பாடா?" என்று கேட்டேன்.

முன்னுக்கு நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். றோசா என்று பிறகு அறிந்தேன். இரண்டாவது வகை.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்றார்.

"கூட்டத்துக்கு வந்த சனம் பசியோட இருக்கப்போகுது. இதுக்குள்ள கொண்டுபோய் வையுங்கோ. அடுப்பு வேலை செய்யுது."

"நீ நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டு றோசா உள்ளே போனார்.

அவர்களுடைய கைப்பைகளை எல்லாம் திறந்து பார்த்தேன், தம்பிமார். ஒரு பையில் இருந்த பின்னல் ஊசியைக்கூட எடுத்து வெளியே வைத்தேன். சட்டிகளின் மூடியை மட்டும் திறக்கவில்லை. பந்திக்கு முன்னால் சமைத்த சட்டியைத் திறந்து மூக்கை நீட்டுவது எங்கள் ஆட்களுக்குக் கை வராத காரியம். சாமிக்குப் படைக்க முன் மணக்கக்கூடாது என்று வளர்ந்தவன் நான். சாமி இல்லாத மண்டபத்தில், வேறு நாட்டுச் சனத்தின் சட்டிக்கு முன்னால் அந்தப் பழக்கம் என் கையைப் பிடித்தது. உங்களில் யாருக்கும் அதுதான் நடக்கும். அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் வீட்டுப் பழக்கம் எது, கதவின் விதி எது என்று வேலைக்கு வர முன்னரே பிரித்து வையுங்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு பிரிக்க நேரம் கிடைக்காது.

கூட்டம் தொடங்கியது. புகைக்காக ஜன்னல்கள் எல்லாம் பூட்டு. நூறு பேருக்கு இரண்டு மின்விசிறி. நான் குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள கதவில் நின்றேன். ஒருவர் எழுந்து ராணுவத்தைத் திட்டினார். இன்னொருவர் எழுந்து, கடையை எரித்தவனைத் திட்டாமல் ராணுவத்தைத் திட்டுகிறாய் என்றார். டொன் எர்னான் மேசையில் தட்டினார். கண் போனதெல்லாம் பொய், தொலைக்காட்சிக்காகக் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று பின் வரிசையில் ஒருவர் கத்தினார். கதிரைகள் பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. ஒரே நேரத்தில் பல கதிரைகள் இழுபட்டால் அடுத்தது என்ன என்று இந்த வேலையில் நின்றவனுக்குத் தெரியும்.

எங்கள் சங்கங்களில் இந்த நிலைமைக்கு ஒரு மருந்து உண்டு. சண்டை முற்றப் போகுதென்றால் யாராவது ஒலிவாங்கியைப் பிடுங்கி "சாப்பாடு ஆயத்தம், எல்லாரும் வரிசையா வாங்கோ" என்பார்கள். கொத்துரொட்டியின் வாசம் வந்த பிறகு கொள்கை பேசிய ஆளை நான் கண்டதில்லை. நான் திரும்பிக் குசினிக்குள் போனேன். பெண்கள் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக இருந்தார்கள். அடுப்பு ஏன் மூட்டவில்லை என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

"செனோரா, சாப்பாட்டை இப்பவே உள்ளுக்குக் கொண்டுவாங்கோ. சண்டை வரப்போகுது."

றோசா மற்றவர்களைப் பார்த்தார்.

"இப்பவா?"

"ஓம், இப்பவே. நான் கதவைத் திறந்து பிடிக்கிறன்."

"நீயே திறந்து பிடிக்கப் போறியா?"

"அதுக்குத்தானே நான் நிக்கிறன்."

அவர்கள் துணிகளை அவிழ்த்தார்கள். மூடியை எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சட்டிக்குள்ளும் ஒரு மரக்கரண்டி மட்டும் கிடந்தது.

அந்த நாட்டில் அரசை எதிர்க்கிற சனம் வெறும் சட்டியைத் தட்டும் என்று கோழித் தொழிற்சாலையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் என்னைக் கடந்து வரிசையாக மண்டபத்துக்குள் போய்த் தட்டத் தொடங்கினார்கள். பூட்டிய மண்டபத்துக்குள் அந்தச் சத்தம் மண்டையைப் பிளந்தது. காதில் வோக்கி வழியாகச் செந்தில் கேட்டான்: "அண்ணே, உள்ள என்ன, கோயில் மணியா? எனக்கும் துன்னூறு எடுத்து வைங்க."

"உள்ளுக்கு வா" என்றேன். "பகிடி விடாமல் வா."

பாதி மண்டபம் கை தட்டியது, பாதி எழுந்து நின்றது. டொன் எர்னான் கைத்தடியை விட்டுவிட்டு, மேசையைப் பிடித்து, கதிரைகளைப் பிடித்து, நேராக அந்த இளைஞனிடம் வந்தார். மாணவர் வரக்கூடாது என்று அவர் சொன்னது இவனைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அவன் பெயர் நிக்கோ, றோசாவின் தங்கை மகன். இங்கே மாணவர் விசாவில் சமையல் படிக்கிறவன். விடுமுறைக்குத் தாயைப் பார்க்க ஊருக்குப் போன நேரம் ஒக்டோபர் வந்தது. சன்னம் பட்டு இடது கண் போய், இரண்டு வாரங்களுக்கு முன்தான் திரும்பி வந்திருந்தான்.

இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். அதை ஒழுங்காகப் பார்த்தது நான் ஒருவன்தான். நான் பக்கத்தில் நின்றேன், மற்றவர்கள் முதுகுகளுக்குப் பின்னால் நின்றார்கள். டொன் எர்னான் கையை நீட்டி நிக்கோவின் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். "காட்டு, காட்டு பார்ப்பம்" என்றார். அவர் வந்தது இடது பக்கத்தால். நிக்கோவுக்கு அந்தக் கை வந்தது தெரியவில்லை. முகத்தில் ஏதோ பட்டதும் அவனுடைய கை தானாக மேலே போனது. கையில் பானை இருந்தது. பானையின் விளிம்பு கிழவரின் புருவத்தில் பட்டது. அவர் விழுந்தார்.

சட்டிச் சத்தம் நின்றது. புருவக் காயம் சின்னதாக இருந்தாலும் இரத்தம் குளமாக வரும். யாரோ "கொன்றுபோட்டான்" என்றார்கள், வேறு யாரோ அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

நான் செய்த முதல் வேலை, நிக்கோவைத் தோளில் பிடித்துக் குசினிக்குள் தள்ளி, நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியது. செந்தில் ஓடிவந்து மண்டபப் பக்கமாக அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். அவன் பகிடி விடாமல் நின்ற ஒரே தடவை அதுதான். நிக்கோ பின் கதவுக்கு ஓடினான். நான் முன்னால் போய் மறித்தேன்.

"விடு. வான் திறப்பு என்னட்ட இருக்கு."

"ஓடினால் அடிச்சவன் எண்டு ஆகும். நில்லு."

"நிண்டால் பொலிஸ் வரும். என்ர விசா தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியும். அந்த மண்டபத்திலிருந்து வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு வாகனத்தில் போக அதிக நேரம் எடுக்காது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதற்குள் இருந்தவன். அங்கே என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் எல்லோரும் படகில் வந்தவர்கள் இல்லை. சிலர் சட்டைப்பையில் நல்ல விசாவோடு இருந்தவர்கள். ஒரு மதுக்கடைச் சண்டை, ஒரு வழக்கு, பிறகு விசா ரத்து என்று ஒரு கடிதம். வழக்கில் வென்றாலும் அந்தக் கடிதத்திலிருந்து வெளியே வரச் சிலருக்கு வருடங்கள் போயின. ஒரு கண் போய், தாய்நாட்டில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, படிப்பை முடிக்க வந்த பெடியனை அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பது அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம். அதற்கு நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைச் சொல்வது என் வேலையும்கூட.

என் கைத்தொலைபேசியில் பொறுப்பாளரின் குரல் வந்தது. செந்தில் அவருக்கு அழைத்துச் சொல்லியிருந்தான்.

"காயமா? பொலிஸ் கூப்பிட்டாச்சா?"

"அம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு. பொலிஸுக்கு எனக்கு ஐந்து நிமிடம் தாருங்கோ."

"ஏன்?"

"நான் பார்த்தேன். இது அடி இல்லை."

அவருக்குப் பின்னால் கல்யாண மேளச் சத்தம் கேட்டது. "உன் பொறுப்பு" என்றார். "நான் புறப்படுகிறேன்."

இளம் ஆட்கள் பலர் நினைப்பது, நெருக்கடியில் வேகமாக முடிவெடுப்பதுதான் திறமை என்று. வேகமாக எடுக்கவேண்டியது ஒரே ஒரு முடிவுதான்: யாரை யாரிடமிருந்து பிரிப்பது. மற்றது எல்லாவற்றுக்கும் கேட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஐந்து நிமிடம் நிற்க நிக்கோவை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்தேன். டொன் எர்னானைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். நான் ஒரு குசினித் துணியை ஈரமாக்கிக் கொண்டுபோய் அவருடைய புருவத்தில் அழுத்திப் பிடித்தேன். சுற்றி நின்றவர்கள் கைகளில் தொலைபேசி.

"பொலிஸைக் கூப்பிடு" என்றார் கிழவர். குரல் திடமாக இருந்தது. "உன்ர வேலை அதுதான்."

"கூப்பிடலாம், டொன் எர்னான். வந்தால் என்னட்டையும் கேப்பினம். நான் பார்த்ததைச் சொல்லுவன். முதல் கை நீட்டினது நீங்கள்."

"என்னைப் பயப்படுத்துறியா?"

"இல்லை. நான்தான் இவையளைக் குசினிக் கதவால விட்டனான் எண்டதையும் சொல்லுவன். உங்களுக்கு ஒரு அவமானம், எனக்கு வேலை போகும். ரெண்டும் சின்ன விசயம். அந்தப் பெடியனை நேர வில்லாவுட்டுக்குத்தான் கொண்டுபோவினம்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர், போகட்டும் என்றார். றோசா சட்டியோடு முன்னுக்கு வந்தார்.

"எர்னான், சட்டியைப் பார்த்து உனக்கு ஏன் இவ்வளவு கோவம்? உன்ர தாய் தட்டேல்லையா? எங்கட இடதுசாரி ஆட்சியில, கடையில மா இல்லை, எண்ணெய் இல்லை எண்டு உங்கட பெரிய வீட்டுப் பொம்பிளையள்தான் முதல்ல வெறுஞ்சட்டியைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்தது. நாங்கள் உங்களைப் பார்த்துத்தான் பழகினது."

"என்ர தாயின்ர சட்டி ஒருத்தற்றை தலையையும் உடைக்கேல்லை."

"அவவின்ர மகன் இண்டைக்கு ஒரு குருட்டுப் பெடியன்ர முகத்தில கை வைச்சவன்."

"குருடு எண்டு நீ சொல்லுறாய். நான் கண்டேனா?"

அவருக்கு அதுதான் வேண்டும் என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. அடிபட்டதல்ல அவருடைய பிரச்சினை. மூன்று மாதமாக அவர்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கண் போனது பொய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் பேசியிருப்பார். அது உண்மையா என்று தெரியாமல் அவரால் இனி இருக்க முடியவில்லை.

"அவனை இஞ்ச கொண்டுவா" என்றார்.

அவனை நூறு பேர் நடுவில் கொண்டுவந்தால் ஒருவன் தள்ளுவான், மற்றவன் அடிப்பான். பிறகு பொலிஸை யாரும் கூப்பிடத் தேவையில்லை, தானாக வரும். கொண்டுவராவிட்டால் கிழவர் தன்னுடைய தொலைபேசியை எடுப்பார்; அது அவருடைய மடியிலேயே இருந்தது. ஆள் எந்த வழியால் வெளியே போவான் என்று யோசி என்ற பொறுப்பாளரின் பேச்சு அப்போது உதவியது. நிக்கோவுக்கு வெளியே போக மண்டபத்தால் வழி இல்லை. கிழவருக்குக் குசினிக்குள் போக வழி இருந்தது.

"நீங்கள் வாங்கோ" என்றேன். "நீங்களும் நானும் மட்டும். நடக்க ஏலுமோ?"

"கிழவனை நடக்கச் சொல்லுறியா?"

"பிடிச்சுக்கொண்டு வாறன்."

அவர் என் கையைப் பிடித்து எழுந்தார். என் சட்டைக் கையில் இரத்தம் ஊறியது அப்போதுதான். செந்தில் எங்களை உள்ளே விட்டுக் கதவைத் திரும்பச் சாத்தினான்.

நிக்கோ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கிழவரைக் கண்டதும் பின்னால் நகர்ந்தான். கண்ணாடியைக் கழற்று என்று நான் சொல்லியிருந்தால் அது இன்னொரு கை நீட்டலாக இருந்திருக்கும். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனே கழற்றினான்.

டொன் எர்னான் கிட்டப் போனார். இந்த முறை வலது பக்கத்தால், அவனுக்குத் தெரியும் பக்கத்தால் போனார். ஈரத்துணியைத் தன் புருவத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

"ஏதாவது தெரியுதா?"

"வெளிச்சம்கூட இல்லை."

"எந்த இடத்தில நடந்தது?"

நிக்கோ ஒரு வீதியின் பெயரைச் சொன்னான். கிழவருக்கு அந்த வீதி தெரிந்திருந்தது. அங்கே ஒரு புத்தகக் கடை இருந்ததே என்றார். இப்போது அது மருந்துக் கடை என்றான் நிக்கோ.

"நான் உன்ர பக்கம் இல்லை" என்றார் கிழவர். "இனியும் வரமாட்டன். அறிக்கைக்கு எதிராத்தான் கை தூக்குவன்."

"தெரியும்" என்றான் அவன்.

கிழவர் திரும்பி என் கையைப் பிடித்தார். செந்தில் கதவைத் திறந்தான். மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. டொன் எர்னான் ஒலிவாங்கி இல்லாமல் சொன்னார்: "கதிரையில கால் தடக்கி விழுந்திட்டன். அம்புலன்ஸ் வருது. கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வீட்ட போங்கோ."

பானை பட்டுத்தான் அவர் விழுந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கத்திலும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தொலைபேசிகள் பைகளுக்குள் போயின. அம்புலன்ஸ்காரர் வந்து கேட்டபோதும் அதே கதையைச் சொன்னார். தையல் போட வேண்டிவரும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

பொறுப்பாளர் வந்தபோது வாகனத் தரிப்பிடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அவருக்கு நான் கால் தடக்கிய கதையைச் சொல்லவில்லை. சட்டியிலிருந்து கண்ணாடி வரை நடந்ததைச் சொன்னேன். இதை நீங்கள் நினைவில் வைத்திருங்கள்: வெளியாட்கள் தங்கள் மானத்துக்காக எந்தக் கதையையும் சொல்லிக்கொள்ளட்டும். உங்களை வேலைக்கு அனுப்பிய ஆளுக்கு, உங்கள் பெயரில் பொறுப்பேற்று நின்ற ஆளுக்கு, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை ஐந்து நிமிடம் கேட்டால் கிடைக்காது.

அவர் வாகனத்தின் முன்பக்கத்தில் சாய்ந்து கேட்டார். முடித்ததும் கேட்டார்: "ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லையா?"

"இல்லை."

"அதற்குள் கத்தி இருந்திருந்தால்?"

அந்தப் பெரிய பானைக்குள் எத்தனை கத்தி கொள்ளும் என்று நினைத்தேன்.

"பிறகு நீ செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியாது. செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்." அவர் என் தோளில் கை வைத்தார். "ஆனால் சோதிக்காமல் திறந்த கதவுக்கு நான் மறைப்புக் கட்ட முடியாது. நாளை வராதே."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சரியாகச் செய்த காரியம் பிழையாகச் செய்ததை அழிக்கும் என்று எதிர்பார்த்து இந்தத் தொழிலில் நிற்காதீர்கள். செந்தில் பின்னால் வந்து, "அண்ணே, அடுத்த தடவை சட்டியத் தொறந்து ஒரு வாய் சாப்புட்டுப் பாத்துட்டு உள்ள விடுங்க" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்படித்தான் நான் ஸ்ரேசனுக்கு நடந்துகொண்டிருந்தேன். புகையில் தொண்டை எரிந்தது. பின்னால் ஒரு வாகனம் மெதுவாக வந்து, என் நடைக்குச் சமமாக ஓடியது. அந்த வெள்ளை வான். றோசா ஓட்டினார். நிக்கோ பக்கத்தில் இருந்தான். என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை போச்சா?" என்றார் றோசா.

"போச்சு."

"எங்கட சட்டியாலதானே."

"நான் திறந்து பார்க்காததால."

"முதுகு நல்லா இருக்கா உனக்கு?"

"ஏன்?"

"இந்த வான் சட்டி ஏத்துறதுக்கு எண்டா நினைச்சாய்? வீடு மாறுற சனத்தின்ர சாமான் ஏத்துறது. நாளைக்குக் காலமை மெரிலாண்ட்ஸில ஒரு வீடு. மேல்மாடி, லிப்ட் இல்லை. இவன் வந்த நாள் தொடக்கம் என்னோட ஏத்துறான், ஆனால் எனக்குத் தூக்க ஏலாது, வயசு போச்சு."

நிக்கோ அப்போதும் முன்னால் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "படியில இறங்கேக்க எனக்கு இந்தப் பக்கம் தெரியாது" என்றான். "அதைத் தெரிஞ்சுகொண்டு வா."

காலை ஆறு மணிக்கு மெரிலாண்ட்ஸில் நின்றேன். முதலில் குளிர்சாதனப் பெட்டி. அவன் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி இறங்கினான். நான் மேலே பிடித்தேன். படிக்கட்டு ஒடுக்கம், திருப்பத்தில் செங்கல் சுவர். முதல் திருப்பத்தில் அவனுடைய இடது முழங்கை சுவரை நோக்கிப் போனது.

"சுவர்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

அவனுக்குத் தெரியவில்லை. நான் பெட்டியை மார்பில் தாங்கிக்கொண்டு, ஒரு கையை எடுத்து, அவனுடைய முழங்கைக்கும் செங்கலுக்கும் நடுவில் வைத்தேன்.